லுமென்: கண்ணுக்காகப் பிறந்த சொல்

எல்இடி பல்பு வாங்கி அதன் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மூன்று சொற்கள் தென்படும்: வாட், கெல்வின், லுமென். வாட் என்பது நீராவி எந்திரத்தைச் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட்டின் பெயர். கெல்வின் கொஞ்சம் சுற்றி வந்த பெயர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் சிற்றாறு கெல்வின். அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சனுக்கு 1892-இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அந்த ஆற்றின் பெயரையே தன் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார். பிற்பாடு அது வெப்பநிலையின் அலகாயிற்று. ஆற்றின் பெயர் ஆளின் பெயராகி, ஆளின் பெயர் அலகாகி, இன்று நம் வீட்டுக் கூடத்துப் பல்பு மஞ்சளா வெள்ளையா என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது சொல்லான லுமெனுக்குப் பின்னால் ஆளும் இல்லை, ஆறும் இல்லை. லத்தீன் அகராதியிலிருந்து நேராக எடுத்துக்கொண்ட சொல் அது. வீட்டுக்குள் செடி வளர்க்க விளக்குத் தேடுகிறவர்களை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். வெயில் படாத அடுக்குமாடி வீட்டில் புதினாவோ கொத்தமல்லியோ வளர்க்க ஆசைப்படுகிறவர் கடைக்குப் போகிறார். லுமென் கூடுதலாக இருந்தால் வெளிச்சம் கூடுதல், வெளிச்சம் கூடினால் செடி செழிக்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிய எண் போட்ட பல்பை வாங்கி வருகிறார். பல நேரம் அந்தக் கணக்கு ஒத்துவரும். சில நேரம் காம்பு நீண்டு, இலை சிறுத்து, செடி வெளிறி நிற்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணில் பொய் இல்லை. அது யாருக்காக அளந்த எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு விடை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே கிடைக்கிறது.

ஒளி, சாளரம், கண்

லத்தீனில் லுமென் என்றால் முதற்பொருள் ஒளி; விளக்கையும் குறிக்கும். இதன் வேர் ‘லெயுக்’ என்று மொழியியலாளர் மீட்டெடுத்த இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல். ஒளிர்தல் என்று பொருள். அந்த வேரிலிருந்து கிளைத்த குடும்பம் பெரியது. லத்தீனில் பகலொளியைக் குறிக்கும் லக்ஸ், நிலவைக் குறிக்கும் லூனா. கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் லெயுகோஸ். வெள்ளணுக்கள் மிகுந்து வரும் நோயை லுகேமியா என்கிறோமே, அந்த ‘லுக’ இதுதான்.

சமஸ்கிருதத்தில் இந்த வேரின் லகரம் ரகரமாகி ‘ருச்’ என்று நிற்கிறது. பிரகாசித்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘ருசி’ முதலில் ஒளியைக் குறித்தது. பிறகு அழகு, விருப்பம், கடைசியில் சுவை என்று பொருள் நகர்ந்தது. தமிழுக்குள் வந்து வேரூன்றியது கடைசிப் பொருள் மட்டும். மிளகு ரசம் ருசியாக இருக்கிறது என்று சொல்கிறவர் நாக்கில் புழங்குவதும், பல்புப் பெட்டியில் அச்சாவதும் தூரத்து உறவுச் சொற்கள். ‘லோகம்’ என்பதையும் இதே வேரோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அதன் பழைய பொருள் வெட்டவெளி. லத்தீனில் அதற்கு இணையான ‘லூகஸ்’ சோலையைக் குறிக்கும். அடர்ந்த காட்டுக்குள் வெளிச்சம் விழும் திறந்த இடம் என்பது அதற்குச் சொல்லப்படும் மூலப்பொருள். காட்டில் ஒரு பெருமரம் சாய்ந்த இடத்தில் கன்றுகள் முண்டியடித்துக்கொண்டு மேலெழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள்வளர்ச்சியில் வியப்பிராது.

லுமெனின் இரண்டாவது பொருள் திறப்பு, சாளரம். ரோமானியச் சட்டத்தில் இந்தப் பொருளில் இச்சொல் சர்வசாதாரணமாகப் புழங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரை உயர்த்திக் கட்டி என் லுமெனை மறைக்கக் கூடாது என்ற உரிமையே தனியாக இருந்தது. நம்மூரிலும் அதற்கு ஈடான சட்டம் உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வீட்டுக்கு 20 ஆண்டு இடையறாமல் வந்துகொண்டிருந்த வெளிச்சமும் காற்றும் உரிமையாகிவிடும்.

மூன்றாவது பொருள் கண். லத்தீன் கவிஞர்கள் இதன் பன்மையான ‘லூமினா’வைக் கண்களுக்கு வழங்கினார்கள். சாளரத்தையும் கண்ணையும் ஒன்றாகப் பார்ப்பது தமிழுக்கும் புதிதல்ல. பலகணி என்ற சொல்லில் பல கண்கள் இருக்கின்றன. சிலப்பதிகாரத்து மாளிகைகளில் மானின் கண்ணைப் போல் அமைத்த சாளரங்கள் வருகின்றன; அங்கே அவற்றின் பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இன்று எல்லார் வாயிலும் வரும் ஜன்னலோ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் லத்தீனில் சிறு கதவு. தமிழன் சாளரத்தில் காற்றையும் கண்ணையும் கண்டான். ரோமானியன் ஒளியைக் கண்டான்.

ஒளி, அது நுழையும் வாயில், அதை வாங்கும் கண் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. அறிவியல் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது கண்ணும் கூடவே வந்துவிட்டது.

மெழுகுவர்த்தியிலிருந்து வளைகோட்டுக்கு

மின்விளக்கு வருவதற்கு முன்பே வெளிச்சத்தை விற்கத் தொடங்கிவிட்டார்கள். லண்டனில் எரிவாயு நிறுவனங்கள் தெருவிளக்குக்கும் வீட்டுக்கும் வாயு விற்றன. விற்கும் சரக்குக்கு அளவு வேண்டுமே? 1860-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மெழுகுவர்த்தியை அளவாக வைத்தது. திமிங்கிலத் தலையிலிருந்து எடுக்கும் ஸ்பெர்மசெட்டி மெழுகில் செய்தது. ஒரு பவுண்டுக்கு ஆறு என்ற எடை. மணிக்கு 120 கிரெயின், அதாவது எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக உருகி எரிய வேண்டும். அதன் வெளிச்சம் ஒரு ‘கேண்டில் பவர்’. விளக்கை ஒரு பக்கமும் மெழுகுவர்த்தியை மறுபக்கமும் வைத்து, இரண்டும் சமமாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். பார்ப்பது கண். இந்தத் தொழிலில் முதல் கருவியே கண்தான்.

மெழுகுவர்த்திக் கணக்கில் ஒரு குறை இருந்தது. ஒரு திசையில் எவ்வளவு பிரகாசம் என்றுதான் அது சொல்லும். விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதற்குத் தனி அளவு தேவைப்பட்டது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்திரே புளோண்டல் 1894-இல் அதற்குப் பெயர் வைத்தார்: லுமென். 1896-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு அவருடைய அலகுமுறையை ஏற்றது. பெயர்ப் பொருத்தம் நன்றாகவே இருந்தது. விளக்கில் இருக்கும் ஒளி லக்ஸ், அதிலிருந்து புறப்பட்டுப் பரவும் ஒளி லுமென் என்று இடைக்கால ஐரோப்பிய அறிஞர்கள் முன்பே பிரித்திருந்தார்கள். இன்றைய அலகுகளில் லுமென் என்பது விளக்கை விட்டுப் புறப்படும் மொத்தம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லுமென்.

மெழுகுவர்த்தி முழுதாக மறைந்துவிடவில்லை. 1948-இல் அது ‘கேண்டிலா’ என்று லத்தீன் பெயரில் பன்னாட்டு அலகாயிற்று. அந்த லத்தீன் சொல்லின் வேரும் நம் சந்திரனின் வேரும் ஒன்றே. எல்லாத் திசையிலும் ஒரு கேண்டிலா வீதம் ஒளிரும் விளக்கு மொத்தம் ஏறத்தாழ 12.57 லுமென் தரும்.

இடையில், 1924-இல், பெரிய திருப்பம் நடந்தது. எல்லா நிறத்தையும் மனிதக் கண் ஒரே அளவில் உணர்வதில்லை. ஒரே ஆற்றலுள்ள பச்சை ஒளி பளிச்சென்று தெரியும். நீலமும் அடர்சிவப்பும் மங்கலாகத் தெரியும். பலருடைய கண்களைச் சோதித்துத் திரட்டிய சராசரியை ஒரு வளைகோடாக வரைந்து, பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் அதை அந்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதன் உச்சி 555 நானோமீட்டர் அலைநீளத்தில், மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கிறது. அன்றிலிருந்து லுமென் என்றால் இந்த வளைகோட்டால் பெருக்கி எடுத்த ஒளி. இயற்பியல் கருவி தரும் ஆற்றல் அளவை மனிதக் கண்ணின் விருப்பு வெறுப்பால் திருத்தி எழுதிய எண் அது.

இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது? மின்சாரத்தை விடுங்கள், சரியாக ஒரு வாட் ஒளியாற்றல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 555 நானோமீட்டர் பச்சையானால் 683 லுமென். 450 நானோமீட்டர் நீலமானால் சுமார் 26 லுமென். 660 நானோமீட்டர் அடர்சிவப்பானால் சுமார் 42 லுமென். மூன்றும் ஒரே ஒரு வாட் ஒளிதான்.

‘ஜீரோ வாட்’ காலம்

நம் கடைத்தெருவில் லுமென் என்ற சொல் நேற்று வந்த விருந்தாளி. வெளிச்சத்தை நாம் வாட்டிலேயே பேசிப் பழகிவிட்டோம். படிக்கிற அறைக்கு நூறு வாட், சமையலறைக்கு அறுபது, குளியலறைக்கு நாற்பது என்று குண்டு பல்பு வாங்கிய காலம் அது. இரவு முழுதும் எரியும் சின்னப் பல்புக்கு ‘ஜீரோ வாட்’ என்று பெயர். மின்சாரமே செலவாகாது என்று அதை எரியவிட்ட வீடுகள் ஏராளம். உண்மையில் அது 15 வாட் வரை இழுத்தது. அன்றைய சுழலும் தட்டு மீட்டரில் அந்தச் சிறு இழுப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் பூஜ்யம் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயரை நம்பிக் கணக்குப் போடுவது நமக்குப் பழைய வழக்கம்.

குண்டு பல்பு மட்டும் இருந்தவரை வாட் கணக்கு ஓரளவு சரிப்பட்டது. வாட் கூடினால் வெளிச்சமும் கூடும். குழல்விளக்கும், பின்னர் எல்இடியும் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லுமென் தந்தது; இன்று 9 வாட் எல்இடி பல்பு 900 லுமென் வரை தருகிறது. ஆகவே வெளிச்சத்துக்கென்று தனி எண்ணைப் பெட்டியில் அச்சிட வேண்டி வந்தது. எல்இடி பல்புகளின் நட்சத்திர முத்திரையும் ஒரு வாட்டுக்கு எத்தனை லுமென் என்பதை வைத்தே தரப்படுகிறது. வாசிக்க, சமைக்க, நடமாட விளக்கு வாங்குகிறவருக்கு இது நேர்மையான அளவு. பார்க்கப்போவது கண்தானே.

வாட் என்ற அலகுக்குப் பெயர் வைத்தவருக்கும் வீட்டுக்குள் செடி வளர்ப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் 1882-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைமையுரையில் அந்தப் பெயரை முன்மொழிந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 1880-இல், அவர் மின்வில் விளக்குகளைச் செடிகளுக்கு மேலே எரியவிட்டுப் பார்த்து, முடிவுகளை ராயல் சொசைட்டியில் படித்திருந்தார். பகல் வெயிலோடு இரவில் விளக்கொளியும் சேர்ந்தால் செடிகள் கூடுதலாக வளர்வதைக் கண்டார். விளக்கை மூடாமல் நேரே காட்டினால் இலை கருகியது. இடையில் கண்ணாடி இருந்தால் பிழைத்தது. கருக்கியது புறஊதா ஒளி. இந்த வேலைக்கு அவர் ‘மின்தோட்டக்கலை’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1890-களின் தொடக்கத்தில் கண்ணாடி வீடுகளில் இந்தச் சோதனைகளைத் தொடர்ந்தார். புளோண்டல் லுமெனுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னரே செடி விளக்கு பிறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இலையின் எண்ணிக்கை

இலை எதை வாங்குகிறது? ஒளியை அது அளந்து வாங்குவதில்லை, எண்ணி வாங்குகிறது. ஒளி ஃபோட்டான் என்ற பொட்டலங்களாக வருகிறது. பச்சையத்தில் பட்ட ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. நீல ஃபோட்டானில் ஆற்றல் அதிகம், சிவப்பில் குறைவு. ஆனாலும் நீலத்தின் உபரி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. களத்துமேட்டில் கூலி கொடுக்கும்போது ஆளின் எடையைப் பார்க்காமல் தலையைத்தான் எண்ணுவார்கள். இலையின் கணக்கும் அப்படித்தான். ஒரு கரியமிலவாயு மூலக்கூறைச் சர்க்கரையாக்கக் குறைந்தது எட்டு ஃபோட்டான் வேண்டும்.

இந்த ஃபோட்டான் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1926-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கடிதம்தான் அதை ஊரறியச் செய்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1916-இல், அமெரிக்க உளவியலாளர் லியோனார்டு ட்ரோலண்டு அதே சொல்லை உருவாக்கியிருந்தார். எதற்குத் தெரியுமா? கண்ணின் விழித்திரையில் விழும் ஒளியை அளக்கும் அலகுக்கு. பிற்பாடு அந்த அலகுக்கு அவர் பெயரையே சூட்டி ட்ரோலண்டு என்று மாற்றினார்கள். ஃபோட்டானும் கண்ணிடமிருந்து கிளம்பிய சொல்தான்; ஆனால் அது கண்ணை விட்டு வெளியேறிவிட்டது. லுமென் கடைசிவரை வெளியேறவில்லை.

ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே வேதியியலின் மோல் கணக்கில் எண்ணுகிறார்கள். மூலக்கூறு என்ற சொல்லின் ஜெர்மன் வடிவத்தைக் குறுக்கி வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு வழக்குக்குக் கொண்டுவந்த பெயர் மோல். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் விழுகிறது என்பதுதான் செடிக்கான கணக்கு. நடுப்பகல் வெயிலில் இது 2000 வரை போகும். லக்ஸில் சொன்னால் ஏறத்தாழ ஒரு லட்சம்.

எந்தெந்த நிறத்தை எண்ணுவது? இதற்கு 1972-இல் கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் விடை தந்தார். 22 பயிரினங்களின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் வைத்து ஒளிச்சேர்க்கையை அளந்தார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளி முழுதும் பயன்படுகிறது, பச்சையும் அதில் அடக்கம் என்று தெரிந்தது. பச்சை இலை பச்சை ஒளியைத் தள்ளிவிடும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். தள்ளுவது கொஞ்சம், உள்வாங்குவது பெரும்பகுதி.

இப்போது அந்த ஒரு வாட் ஒளியை மறுபடி எடுத்துப் பார்ப்போம். நீலம்: 26 லுமென், நொடிக்கு 3.8 மைக்ரோமோல். பச்சை: 683 லுமென், 4.6 மைக்ரோமோல். அடர்சிவப்பு: 42 லுமென், 5.5 மைக்ரோமோல். லுமென் கணக்கில் பச்சைக்குப் பதினாறில் ஒரு பங்குகூட இல்லாத சிவப்பு, ஃபோட்டான் கணக்கில் பச்சையைத் தாண்டுகிறது. நீலமும் சிவப்பும் கலந்து ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்குகளில் லுமென் எண் அற்பமாக இருப்பது இதனால்தான். லக்ஸ் காட்டும் கைப்பேசிச் செயலியை அந்த ஊதா வெளிச்சத்தில் நீட்டினாலும் பயனில்லை. அதுவும் கண்ணின் வளைகோட்டையே பின்பற்றுகிறது.

இலைக்குள்ளும் ஒரு லுமென் இருப்பது இந்தக் கதையின் வேடிக்கை. குழாய் போன்ற உறுப்புகளை வெட்டிப் பார்க்கும்போது நடுவே தெரியும் வெற்றிடத்துக்கு மருத்துவர்கள் லுமென் என்று பெயரிட்டார்கள். திறப்பு என்ற பழைய பொருளே அங்கே வேலை செய்தது. பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்னும் தட்டைப் பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தப் பையின் உட்புறத்துக்கும் லுமென் என்றே பெயர். ஃபோட்டானின் தூண்டலில் நீர் பிளவுபடுவது அந்தப் பக்கம்தான். புரோட்டான்கள் சேர்ந்து அழுத்தம் கொடுப்பதும் அங்கேதான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அந்த லுமெனில் பிறக்கிறது. செடிக்குத் தேவையான லுமென் அது. பெட்டியில் அச்சிட்டது நமக்கானது.

கடைக்குப் போகிறவருக்கு

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் என்ன கேட்பது? செடிக்கென்றே விற்கும் நல்ல விளக்குகளில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று போட்டிருப்பார்கள். அது இருந்தால் லுமெனைப் பார்க்கவே வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடியில் அந்த எண் இராது. அங்கே லுமெனை ஏறத்தாழ 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும். வெள்ளை எல்இடிகளின் நிறக்கலவை பெருமளவு ஒத்திருப்பதால் இந்தக் குறுக்குவழி செல்லுபடியாகிறது. ஊதா விளக்குக்குச் செல்லாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். நான்கடி நீளம், ஓரடி அகலமுள்ள அலமாரித் தட்டு. அதன் பரப்பு சுமார் 0.36 சதுர மீட்டர். மேலே ‘பேட்டன்’ என்று விற்கும் 20 வாட் நீள எல்இடி விளக்கு நான்கு. ஒவ்வொன்றும் 2000 லுமென். மொத்தம் 8000 லுமென். 70-ஆல் வகுத்தால் 114 மைக்ரோமோல். வெள்ளைச் சுவரும் பிரதிபலிப்பும் உதவி, அதில் 70 சதவீதம் செடிமேல் விழுகிறது என்றால் 80. தட்டின் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 222 மைக்ரோமோல். நாளுக்கு 16 மணி நேரம் எரியவிட்டால் 12.8 மோல் சேரும். லெட்டியூஸ் போன்ற இலைக்காய்கறிகளுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் நல்லது என்பார்கள். ஆகவே இது போதும். நம் தண்டுக்கீரை வெயில்விரும்பி. அதற்கு இன்னும் வேண்டும். பேட்டன் ஒன்றே ஒன்று என்றால் 3 மோல்தான் சேரும். மணிபிளாண்ட் அதில் பிழைக்கும், கீரை பிழைக்காது. தெளிவான நாளில் நம் மொட்டைமாடி வெயில் 40 மோலைத் தாண்டும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்செலவையும் கூட்டிவிடலாம். நான்கு பேட்டன் 80 வாட், நாளுக்கு 1.28 யூனிட்; இரு மாத பில்லில் 77 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் முக்கால் பங்கை ஓர் அலமாரித் தட்டே தின்றுவிடும். கொத்தமல்லிக் கட்டின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. ஜன்னலோரம் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். லுமெனின் பழைய பொருளில் அதுவும் லுமென்தான், காசு கேட்காத லுமென். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. டிசம்பர் பின்பாதியில் அங்கே பகல் ஒன்பது மணி நேரத்தைக்கூடத் தொடாது. குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு விளக்கு போடுவதில் நியாயம் இருக்கிறது.

கெல்வின் எண்ணுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். அது நிறத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. கடைக்காரர் ‘வெள்ளையா, மஞ்சளா’ என்று கேட்டால் இலைச் செடிக்கு 4000-லிருந்து 6500 வரை எதையும் எடுக்கலாம். நீலம் சற்றுக் கூடிய 6500-இல் செடி நெட்டை விடாமல் கட்டையாக நிற்கும். உயரம்தான் முக்கியம். தனிப் பல்பைச் செடியிலிருந்து ஓரடி தள்ளி வைத்திருந்ததை இரண்டடிக்கு உயர்த்தினால் இலைமேல் விழும் ஒளி ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். கண் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. இரவில் 200 லக்ஸ் வெளிச்சமுள்ள கூடம் நமக்குப் பிரகாசமாகத்தான் தோன்றும். இலைக்கு அது நொடிக்கு மூன்று மைக்ரோமோல், அதாவது பட்டினி.

செடி விளக்கு விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘100 வாட் பல்புக்கு இணை’, ‘10,000 லுமென்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதை விட்டுவிட்டு, நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற ஒரு எண்ணைப் போடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் அந்த எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், வெள்ளை விளக்கை வாங்கி லுமெனை 70-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஊதா விளக்கானால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.